மல்லப்ப ராயர் செதுக்கிய சுங்கான்

தும்பைக்கோட்டையை ஆண்ட மல்லப்ப ராயருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். போன தடவை யானைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று குளத்தில் இறங்கினார். யானை நீந்திக் கரையேறிவிட்டது. ராஜாவைத்தான் வலை போட்டு எடுத்தார்கள். இந்தத் தடவை அவருக்குச் சுங்கான் செய்யும் ஆசை வந்தது. கிண்ணத்தில் புகையிலையை அடைத்து, தண்டு வழியாக இழுத்துப் புகைக்கிறார்களே, அந்தச் சுங்கான்தான்.

ஒரு மாதம் அவர் அந்தப்புரத்துப் பக்கமே போகவில்லை. ராணிக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. உளியும் அரமுமாக உட்கார்ந்து, சந்தனக்கட்டையில் ஒரு சுங்கானைச் செதுக்கி முடித்தார்.

அந்த ஊரில் சுங்கான் செய்கிற ஆசாரிகள் அமாவாசையன்று உளியைத் தொடமாட்டார்கள். எல்லோரும் ஒரு கூடத்தில் கூடி, ஒருவர் செய்ததை மற்றவர் பிய்த்து உதறுவார்கள். அதற்கும் ஒரு முறை உண்டு. செய்தவர் தன் சுங்கானில் ஒரு கிண்ணம் புகையிலையை எல்லோர் முன்னாலும் புகைத்து முடிக்க வேண்டும். அதுவரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு செய்தவர் வாய் திறக்கக் கூடாது.

அந்த அமாவாசைக்கு ராஜா பட்டுத்துணியில் சுற்றிய சுங்கானோடு போய் இறங்கினார். கூடவே அரண்மனை விகடர் நயினியப்பரும் போனார்.

முதலில் அங்கப்பன் என்ற ஆசாரி தன் சுங்கானைப் புகைத்து முடித்துக் கீழே வைத்தார். மூத்தவரான செம்புலிங்க ஆசாரி அதை எடுத்து, தண்டுக்குள் ஓர் ஈர்க்கை விட்டுப் பார்த்தார். செம்புலிங்கம் லேசுப்பட்டவர் இல்லை. தன் கல்யாணத்தன்றே தாலியைத் திருப்பிப் பார்த்து, "பத்தவெச்சது சரியில்லையே" என்று சொன்னவர்.

"அங்கப்பா, துளை எங்க போகுது, கிண்ணம் எங்க இருக்கு? சண்டை போட்டுக்கிட்ட சம்பந்திங்க மாதிரி ஒண்ணை ஒண்ணு பார்க்கவே இல்லையே!"

"கிண்ணத்துச் சுவரு ஒரு பக்கம் அப்பளம், ஒரு பக்கம் அடை" என்றார் பக்கத்தில் இருந்த காத்தமுத்து ஆசாரி.

ராஜா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அங்கப்பன் தலை குனிந்துகொண்டார்.

அடுத்து ராஜா பட்டுத்துணியை அவிழ்த்தார். சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. தண்டு கோணல். கிண்ணம் சட்டி அளவு. உள்ளும் புறமும் அரக்குப் பூசிப் பளபளவென்று இருந்தது. வெளியே பூசலாம், அது அழகு. நெருப்பு வைக்கிற கிண்ணத்துக்குள் அரக்குப் பூசியவரை அந்தத் தொழிலில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"செம்புலிங்கம், நீரே சொல்லும். முகஸ்துதியெல்லாம் கூடாது. பொய் சொன்னா நாக்கை அறுத்துடுவேன்" என்றார் ராஜா.

ஆசாரி வாயைத் திறந்தார்.

"ஆனா ஒண்ணு. இது ராஜா கையால செஞ்ச பொருள். இதுல குறை சொல்றவன் எவனா இருந்தாலும் கட்டை விரலை வெட்டச் சொல்லுவேன். இது என் உத்தரவு."

ஆசாரி வாயை மூடிக்கொண்டார்.

"சும்மா இருந்தா ரெண்டும் போகும்" என்றார் ராஜா.

நாக்கு போனால் சோறு இறங்காது. கட்டை விரல் போனால் உளி பிடிக்க முடியாது, சோறே வராது. வாழ்நாளெல்லாம் யாருக்கும் பயப்படாமல் பேசிய மனிதர் பாவம், வியர்த்து விறுவிறுத்துப் போய் நயினியப்பரைப் பார்த்தார்.

"மகாராஜா, ஆசாரி எப்படிப் பேசுவார்?" என்றார் நயினியப்பர். "செஞ்சவர் இன்னும் புகைக்கவே இல்லையே. நீங்க இங்க ராஜாவா வந்தீங்களா, தொழில்காரரா வந்தீங்களா?"

"தொழில்காரனாத்தான்!" ராஜா நெஞ்சை நிமிர்த்தினார். "கொண்டாங்க புகையிலையை!"

அடைத்து நெருப்பு வைத்தார்கள். ராஜா இழுத்தார். இன்னும் இழுத்தார். கன்னம் இரண்டும் உள்ளே போயின, கண் இரண்டும் வெளியே வந்தன. புகை மட்டும் வரவில்லை.

"எப்படி இருக்கு, மகாராஜா?"

"பிரமாதம்" என்றார் ராஜா, மூச்சு வாங்கிக்கொண்டே.

"புகை?"

"வந்துகிட்டே இருக்கு. தூரத்துல இருந்து வருது."

கிண்ணத்திலிருந்து அரக்கு உருகும் நாற்றம் எழுந்தது. காத்தமுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். புகையிலையைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் சரியாகும் என்று ராஜா கட்டை விரலைக் கிண்ணத்துக்குள் விட்டார். விட்ட விரல் வரவில்லை.

"ஐயையோ, சுடுதே! ஒட்டிக்கிச்சே! தண்டுல துளை இல்லை, கிண்ணம் பூரா அரக்கு! எந்த மடப்பய செஞ்ச சுங்கான்யா இது!"

அங்கப்பன் ஓடிவந்து ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டினார். சூடு அடங்கியது. விரல் அங்கேயேதான் இருந்தது.

நயினியப்பர் கைகட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டார். "மகாராஜா, வெட்டுறவனைக் கூப்பிடட்டுமா?"

"யாரை வெட்ட?"

"இந்தச் சுங்கான்ல குறை சொன்னவர் கட்டை விரலைத்தான். எவனா இருந்தாலும்னு உங்க உத்தரவு. விரலைத் தேடவும் வேண்டாம், சுங்கானே பிடிச்சு வெச்சிருக்கு."

ராஜா முறைத்தார். தன் விரலைப் பார்த்தார். மறுபடி நயினியப்பரைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். செம்புலிங்கம் அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருகு திருகி, விரலை வெளியே எடுத்தார்.

"உத்தரவு ரத்து! ஆசாரி, இப்பச் சொல்லும்."

ஆசாரி சொன்னார். உச்சிப்பொழுதில் ஆரம்பித்தவர் நிழல் நீளும்வரை நிறுத்தவில்லை. கூடத்து முறைப்படி ராஜா வாய் திறக்கவில்லை. தும்பைக்கோட்டையில் அவர் பேசாமல் கழிந்த ஒரே மத்தியானம் அதுதான்.

எல்லாம் முடிந்ததும் ராஜா எழுந்தார்.

"நயினியப்பரே, ஒரு நல்ல தொழில்காரரைக் காப்பாத்திட்டீர். உமக்குப் பரிசு குடுக்காம நகரமாட்டேன். இந்தாரும், என் கையாலேயே செஞ்ச சுங்கான். இனி தினமும் சபையில என் முன்னால இதுலதான் நீர் புகைக்கணும்."

நயினியப்பர் சுங்கானை ஒருதரம் பார்த்தார். வாங்கவில்லை. வலது கட்டை விரலை நீட்டினார்.

"மகாராஜா, அந்த வெட்டுறவனையே கூப்பிட்டுடுங்க."