உம் கொட்டியவர்

ஆற்றில் வெள்ளம் வந்து படகு அக்கரையிலேயே நின்றுவிட்டது. இக்கரை மண்டபத்தில் காத்திருந்த ஜமீன்தாரின் பேரப்பிள்ளைகள் இருவரும் பொறுமையிழந்து கத்தினார்கள். பல்லக்குத் திரைக்குள்ளிருந்து ஜமீன்தார் சீறினார்.

"ஏ அஞ்சலை! உன்னைப் பிள்ளை பார்க்க வைத்தேனா, வேடிக்கை பார்க்க வைத்தேனா? கதை சொல்வாயோ, கரணம் போடுவாயோ, படகு வரும்வரை சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் உன்னை இங்கேயே விட்டுவிட்டுப் போவேன்."

"வேறு யாராவது சத்தம் போட்டால், சாமி?"

"யாரானாலும் சரி, போட்டவர் இந்தக் கரையில்தான். இது என் வாக்கு."

அஞ்சலை பிள்ளைகளை மடியில் சாய்த்துக்கொண்டாள். "உம் கொட்டாதீங்க கண்ணுகளா, தலையை ஆட்டினால் போதும்" என்று கதையைத் தொடங்கினாள். மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குள் தேள் புகுந்த கதை அது. கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியோடு குனிந்தான். தேள் நெற்றிக்கு இறங்கியது.

அங்கே நிறுத்திவிட்டாள்.

பிள்ளைகள் கழுத்து ஒடிய ஆட்டினார்கள். அஞ்சலை வாய் திறக்கவில்லை. உம் கொட்டாமல் கதை நகருமா?

"உம்... உம்! அப்புறம்?" என்றது பல்லக்கு.

படகு கரை தட்டியது. அஞ்சலை பிள்ளைகளோடு ஏறிக்கொண்டு திரும்பினாள்.

"சாமி இந்தக் கரையில்தானே?"

"உம் கொட்டுவது ஒரு சத்தமா?"

"சத்தமில்லை என்று சாமியே சொல்லிவிட்டால், பிள்ளைகளும் கொட்டலாம்."

"கொட்டித் தொலைக்கட்டும்!" பல்லக்கும் படகில் ஏறியது.

அக்கரை சேரும்வரை பிள்ளைகள் தொண்டை கிழிய உம் கொட்டினார்கள். தேள் என்ன ஆனதென்று மட்டும் அஞ்சலை, பல்லக்குக்குக் கேட்காமல், அவர்கள் காதோடு சொன்னாள்.