சுருக்கம் விழும் நேரம்

பொன்மணி டீச்சர் பாளையங்கோட்டையில் முப்பத்தோரு வருடம் அறிவியல் பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு, ஐம்பத்தொன்பதாவது வயதில், மறுபடி மாணவியானார்.

குருவுக்கு வயது முப்பத்தைந்து. பெயர் பீர்முகம்மது. மேலப்பாளையத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து கப்பல், ரயில், விமானம் என்று எதையும் கைக்கு அடக்கமாகச் செய்து கொடுப்பவர்.

"எனக்கு ஒரு ஹெலிகாப்டர் வேணும், தம்பி. ஆனா நீங்க செய்ய வேண்டாம். சொல்லித் தாங்க, நான் செய்யுதேன்," என்றார் டீச்சர்.

"யாருக்கு?"

"ஒருத்தருக்கு."

அந்த ஒருத்தர் விமானப்படை சார்ஜென்ட் பினோய். ஊர் வெள்ளத்தில் மிதந்தபோது டீச்சரும் கணவரும் இரண்டு நாள் மொட்டை மாடியில் கிடந்தார்கள். கணவருக்கு டயாலிசிஸ் தவறிவிட்டது. கால் வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. அப்போது ஹெலிகாப்டரிலிருந்து கம்பிக் கயிற்றில் இறங்கி இருவரையும் மேலே ஏற்றியவர் அவர். இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறார். போகிற வழியில் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

நான்கு மாத வேலை. ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் அடித்துக் காயவைத்தாயிற்று. பாக்கி இருந்தது வாலில் வர வேண்டிய எண் மட்டும். 307. வெள்ளத்தன்று மொட்டை மாடியில் மல்லாந்து கிடந்து டீச்சர் பார்த்த எண்.

அதைச் சென்னையில் ஒருவர் டெக்காலாக அச்சிட்டு அனுப்பியிருந்தார். தண்ணீரில் நனைத்தால் தாளை விட்டு வழுகி வரும் படம். வெங்காயச் சருகைவிட மெல்லியது. இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. உபரி கிடையாது. இன்னொன்று கேட்டால் வர பத்து நாளாகும். அன்று வியாழக்கிழமை.

பீர்முகம்மது ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்தார்.

"இது சாஃப்ட்னர். டெக்காலை இளக்கும். இளகினாத்தான் அது ரிவெட்டு ஆணித் தலை மேலயும் தகட்டுக் கோட்டுக்குள்ளயும் படியும். இல்லேன்னா சுவரொட்டி மாதிரி மேலாக்க நிக்கும்."

அவர் டீச்சரின் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் ஸ்பூன்களை வைத்தார். இரண்டிலும் ஹெலிகாப்டருக்கு அடித்த அதே பெயிண்ட், அதே வார்னிஷ். ஒன்று அன்று காலையில் அடித்தது. மற்றது மூன்று நாள் காய்ந்தது.

"முதல்ல இதுல ஒரு சொட்டு விடுங்க."

டீச்சர் விட்டார். சற்று நேரத்தில் பெயிண்ட் குழைந்து பிரஷ்ஷோடு வந்தது.

"ஐயய்யோ, பெயிண்டையே தின்னுதே!"

"காயாததைத் தின்னும்."

காய்ந்த ஸ்பூனில் ஒரு பழைய டெக்காலை ஒட்டிச் சாஃப்ட்னரைத் தடவினார்கள். பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டெக்கால் பால் ஏடு போலச் சுருங்கி நெளிந்தது. டீச்சரின் விரல் தானாகப் போய் அதை நீவியது. டெக்கால் இரண்டாகக் கிழிந்து விரலோடு வந்துவிட்டது.

டீச்சர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "சுருங்கிச்சுன்னா நான் என்னதான் செய்யணும், தம்பி?"

பீர்முகம்மது பிரஷ்ஷைக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தார். ஹெலிகாப்டரை அவர் பக்கம் நகர்த்தினார்.

டீச்சர் எண்ணைத் தண்ணீரில் நனைத்தார். வாலின்மேல் வழுக்கி இறக்கி, நேராக்கி, பஞ்சால் ஈரத்தை ஒற்றினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு சாஃப்ட்னரை ஒரே இழுப்பாகத் தடவினார்.

"ஓரத்துல தேங்கி நிக்கு பாருங்க. டிஷ்யூ முனையால உறிஞ்சிருங்க. தேய்க்காதீங்க."

உறிஞ்சினார். சாஃப்ட்னரின் வினிகர் நெடி மூக்கில் ஏறியது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். மூன்று முதலில் நெளிந்தது. பிறகு சுழியம் கோணியது. ஏழின் கால் மடங்கியது. எண் முழுவதும் சுருக்கம் விழுந்து, கசக்கிப் போட்ட காகிதமாக நின்றது.

பீர்முகம்மது எழுந்து ஜன்னலுக்குப் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

டீச்சர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். பேசாமல் இருந்தால் கை வெளியே வந்துவிடும் என்று தோன்றியது.

"அன்னைக்கும் இப்படித்தான், தம்பி," என்று அந்த முதுகைப் பார்த்துச் சொன்னார். "பினோய் சார் எனக்குப் பெல்ட்டை மாட்டிட்டு, கையைத் தூக்கக் கூடாது, ரெண்டு பக்கமும் ஒட்டி வச்சுக்கிடுங்கன்னாரு. தூக்கினா பெல்ட் நழுவிருமாம். கீழ வெள்ளம் போகுது. கயிறு மூஞ்சிக்கு நேரா இருக்கு. பிடிக்கக் கூடாது."

"என்ன செஞ்சீங்க?"

"கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன்."

"இன்னைக்குத் திறந்து வச்சுக்கிடுங்க."

டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றின் ஓரத்தில் ஒரு சுருக்கம் தளர்ந்தது. யாரோ உள்ளிருந்து மெதுவாக இழுப்பது போல அடுத்ததும் தளர்ந்தது. சுழியம் வட்டத்துக்குத் திரும்பியது. ஏழு காலை நீட்டியது. எண்ணைச் சுற்றியிருந்த மெல்லிய படலத்தின் விளிம்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அப்புறம் ரிவெட்டுகள் எழும்பின. எண்ணுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக, கடுகிலும் பொடியாக. தகட்டின் கோடு மூன்றின் நடுவில் புகுந்து ஏழின் வழியே வெளியே போயிற்று.

ஈரம் எப்படி ஆவியாகும், இளகிய பொருள் எப்படி இறுகும், எல்லாம் டீச்சர் கரும்பலகையில் எழுதிக் காட்டியவர்தான். காரணம் தெரிந்திருந்தும் தன்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மேஜைமேல் இருந்தது அன்றைக்கு மழைக்குள்ளிருந்து தலைக்கு மேல் வந்து நின்ற அதே வால்.

ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"தம்பி. வந்து பாருங்க."

பீர்முகம்மது வந்தார். குனிந்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் நீங்க திரும்பிக்கூடப் பாக்கலையே," என்றார் டீச்சர். "தானா சரியாயிரும்னு அவ்வளவு நம்பிக்கையா?"

"நம்பிக்கையா?" பீர்முகம்மது சிரித்தார். "பன்னெண்டு வருசமா செய்யுதேன், டீச்சர். பக்கத்துல இருந்தா தொட்டுருவேன்."