பல்லி பக்கம் சொல்ல வந்த கதை

அந்தக் காலத்தில் எல்லா உயிருக்கும் பேச வாய் இருந்தது. அதனால் சொல்லிவைக்க வேண்டிய சங்கதிகளுக்கும் பஞ்சமில்லை. அத்தனையையும் பனையோலையில் கீறி, கட்டுக் கட்டாகக் கட்டி, மலைக்குகையில் கொண்டுபோய்ப் போட்டன. போட்டதோடு சரி. அடுக்குவது யார்? பல்லிதான்.

பாட்டுக்கு ஒரு தட்டு, மருந்துக்கு ஒரு தட்டு, மழைக்குறிக்கு ஒரு தட்டு, வம்பு வழக்குக்கென்று அடியில் நீளமாக ஒரு தட்டு. ஒரு கட்டுக்கு ஓர் இடம்தான். பாதி சண்டையும் பாதி சமையலுமாக எழுதிக்கொண்டு வந்து நின்றால் எங்கே வைப்பது? கேட்டால், "அதுகூடத் தெரியாமலா இந்த வேலைக்கு வந்தே?" என்று நரி இளிக்கும். பல்லிக்கு முதுகு விட்டுப்போயிருந்தது.

ஒரு சாயங்காலம் கௌதாரி ஒரு கட்டை நீட்டியது. பல்லி முதல் ஏட்டை மட்டும் பிரித்தது. 'தூங்கு என் புள்ளிக் குஞ்சே' என்றிருந்தது. தாலாட்டு.

"உள்ளே இன்னும் இருக்கு, பல்லியக்கா."

"எல்லாருக்கும்தான் உள்ளே இன்னும் இருக்குடி. நான் படிச்சுக்கிட்டே உட்கார்ந்தா இதையெல்லாம் உன் மாமியாரா வந்து அடுக்குவா?" பாட்டுத் தட்டில் செருகிவிட்டது.

நாலு நாள் கழித்து முயல் மூச்சிரைக்க ஓடிவந்தது. "அக்கா, என் குட்டி அரளிக்காயைத் தின்னுட்டான். கண்ணு சொருகுது. மருந்து எடுங்க!"

பல்லி மருந்துத் தட்டை மேலிருந்து கீழ்வரை கலைத்தது. சளிக்கு இருந்தது. சிரங்குக்கு மூன்று இருந்தது. யானையின் அஜீரணத்துக்கு மட்டும் பதினாறு. அரளிக்கு ஒன்றுமில்லை. முதல் கட்டிலிருந்து மறுபடி தேடியது. இல்லவே இல்லை.

வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கௌதாரி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தது. "ஏன் இல்லை? என் கட்டுல மூணாவது ஏடு. என் குஞ்சு அரளி தின்ன அன்னைக்கு, மருந்து அரைச்சுக்கிட்டே பாடின பாட்டுதானே அது? எந்த வேர், எத்தனை சொட்டு, எல்லாம் அதுல இருக்கு."

கட்டை உருவிக்கொண்டு மூன்றும் ஓடின. குட்டி குளிர்ந்துபோயிருந்தது.

முயல் அழவில்லை. "படிக்காமலா அடுக்கினீங்க?" என்று மட்டும் கேட்டது.

பல்லி வாயைத் திறந்தது. களைப்பு, கூட்டம், ஒரு கட்டுக்கு ஓர் இடம்... எதைச் சொன்னால் குட்டி எழுந்திருக்கும்? நாக்கு மட்டும் அண்ணத்தில் ஒட்டி விடுபட்டது. ச்சு.

அதற்குமேல் அதற்குப் பேச்சே வரவில்லை. கட்டுகளைக் கடைசி ஏடுவரை படித்தது. யாராவது ஒரு தட்டில் தேடிக் கிடைக்காமல் நின்றால், கிடைக்கிற பக்கத்துச் சுவரில் ஓடி ஒட்டிக்கொண்டு, "ச்சு, ச்சு" என்றது. இங்கேயும் பார் என்று அர்த்தம். பிறகு ஏடுகளையெல்லாம் கரையான் தின்று தீர்த்தது. எது எங்கே இருந்தது என்ற நினைப்பு மட்டும் பல்லியை விடவில்லை.

அன்று பிடித்ததுதான். பல்லி இன்னும் சுவரை விட்டு இறங்காமல் ச்சுக் கொட்டிக்கொண்டிருக்கிறது, நாமும் போட்டது போட்டபடி நின்று, "எந்தப் பக்கம் சொல்லுச்சு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.