சின்னப் புயலுக்கு அவசரம் வந்த கதை

அந்தக் காலத்தில் காற்றும் கடலும் மனிதரோடு பேசும். கூப்பிட்டால் ஏன் என்று கேட்கும். அப்போது புயல்களுக்கு எந்த அவசரமும் கிடையாது. சின்னதோ பெரியதோ, வெதுவெதுப்பான கடல்நீரைக் குடித்துக்கொண்டு ஒரே நிதானத்தில் வளரும், ஒரே நிதானத்தில் கரைக்கு வரும். வருவதைப் பார்த்துவிட்டுச் சனங்கள் மேட்டில் ஏறிக்கொள்வார்கள்.

கோடியக்கரைக்கு வடக்கே ஓர் உப்பளத்தில் செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் நாகப்பன்மேல் ஒருமுறை தோணி கவிழ்ந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஒவ்வொரு புயலுக்கும் அவனை முதுகில் கட்டிக்கொண்டு மணல்மேட்டில் ஏறுவாள். புயல் போனதும் இறங்கி வந்து, உடைந்த வரப்புக்கு மறுபடி மண் அணைப்பாள். பாத்தியில் உப்புப் பூக்கும் நேரத்தில் அடுத்த புயல் வந்து நிற்கும். அழுகையெல்லாம் எப்போதோ வற்றிவிட்டது. உடம்பு அலுத்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரு கார்த்திகையில் கடல் இரண்டு புயல்களைப் பெற்றது. பெரியது பாதி வானத்தை அடைத்துக்கொண்டு தூரத்தில் கிடந்தது. சின்னது கரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

செங்கமலம் புருஷனை முதுகில் கட்டிக்கொண்டு எழப் பார்த்தாள். முழங்கால் நிமிரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"செத்த நேரம் உக்காந்துட்டுப் போவலாம்," என்றான் நாகப்பன்.

"போயி? திரும்பி வந்து வரப்புதான கட்டணும்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். மேகங்களுக்கெல்லாம் மேலே உச்சிக்காற்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா, மேல போறவரே! இந்தப் புயலைக் கொஞ்சம் நிறுத்தக் கூடாதா?"

உச்சிக்காற்று வேகம் குறைத்தது. "நானே ஓடி ஓடி அலுத்தவன் தாயி. புயல் நேராக நின்றால்தான் அதற்கு உயிர். கீழே வீசும் காற்று அதன் காலை ஒரு பக்கம் இழுக்கும்போது, நான் தலையை வேறு பக்கம் தள்ளினால் சாய்ந்துபோகும். சின்னது அதைத் தாங்காது, ஒடிந்துவிடும். பெரியதைச் சாய்க்கத்தான் முடியும். சின்னதைத் தள்ளட்டுமா?"

"வேணாம் செங்கமலம்," என்றான் நாகப்பன். "அது கடல் பெத்த பிள்ளை. நாம மேட்டுக்கு ஏறிடுவோம்."

"ஏறுறது நான்தான?"

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாகப்பனின் மூச்சு அவள் பிடரியில் பட்டது.

"தள்ளுங்க ஐயா," என்றாள்.

உச்சிக்காற்று ஒரே தள்ளாகத் தள்ளியது. சின்னப் புயலின் தலை கிழக்கே பறந்தது, கால் இருந்த இடத்திலேயே சுற்றியது. "அம்மா" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு வெறும் தூறல். அதுவும் நின்றது.

கடல் தன் பிள்ளையைத் தேடித் தேடி அலைந்தது. கிடைக்கவில்லை என்றானதும், வயிற்றில் இருந்த பிள்ளைகளிடம் சொன்னது: "சின்னதாகப் பிறப்பவர்களே, உச்சிக்காற்று இல்லாத நேரம் பார்த்து எழுந்திருங்கள். கிடைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் குடித்து நிமிர்ந்துவிடுங்கள். பெரியவர்களுக்கு அந்த அவசரம் வேண்டாம். அவன் தள்ளினால் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்துகொள்ளுங்கள்."

அப்படித்தான் அந்தப் பெரிய புயல் வந்தது. உச்சிக்காற்று தள்ளத் தள்ளச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மெல்ல மெல்ல வலுத்துக் கரை சேர்ந்தது. செங்கமலத்துக்கு மேடு ஏறத் தாராளமாக நேரம் இருந்தது. வரப்பு மட்டும் வழக்கம்போல் போயிற்று.

மறுவருஷம் ஒரு காலையில் கடல்மேல் சின்னதாக ஒரு மேகம் சுழன்றுகொண்டிருந்தது. இதற்குப் போய் யார் பயப்படுவார்கள்? செங்கமலம் உப்பை வாரிக்கொண்டிருந்தாள். மேலே மேகங்கள் அசையாமல் நின்றதை அவள் கவனிக்கவில்லை. உச்சிக்காற்று வேறொரு கடலுக்குப் போயிருந்தது.

உச்சிவேளைக்குள் குடிசைக் கூரை பறந்துவிட்டது. புருஷனை முதுகில் கட்டிக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் தண்ணீர் மார்பளவு ஏறியது.

"என்னை அவுத்து விட்டுட்டுப் போ," என்றான் நாகப்பன்.

"பேசாம கழுத்தப் பிடிங்க."

அவர்கள் மேடு ஏறிவிட்டார்கள். பக்கத்து அளத்துக்காரர்கள் பலர் ஏறவில்லை. கூப்பிடும் தூரத்தில்தான் இருந்தார்கள்.

எல்லாம் அடங்கியபின் உச்சிக்காற்று வந்தது.

"எங்க போனீங்க ஐயா?"

"நான் ஒருத்தன். எத்தனை கடலைத்தான் பார்ப்பேன்? நீ தள்ளச் சொன்ன நாளிலிருந்து, நான் இல்லாத நேரம் பார்த்துத்தான் சின்னதுகளை எழச் சொல்லியிருக்கிறது கடல்."

அதைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "நான் தள்ளச் சொல்லியிருக்கக் கூடாதுங்க," என்றாள் புருஷனிடம். நாகப்பன் அவள் முழங்காலை இழுத்துத் தன் மடியில் வைத்து அமுக்கிவிட்டான். தண்ணீர் வடிகிறவரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

அன்று பிடித்ததுதான் சின்னப் புயலுக்கு இந்த அவசரம். உச்சிக்காற்று இல்லையென்றால் ஒரு பொழுதுக்குள் பொங்கிவிடும், இருந்தால் ஒரே தள்ளில் செத்துப்போகும். பெரிய புயல் இன்றும் மெதுவாகத்தான் வலுக்கிறது, லேசில் ஒடிவதும் இல்லை. அளத்துக்காரர்கள் புயல் சின்னது என்று கேட்டதும் நிம்மதியாக உட்காருவதில்லை. வெளியே வந்து, உச்சி மேகம் ஓடுகிறதா நிற்கிறதா என்று அண்ணாந்து பார்க்கிறார்கள்.