நரி வெட்டிய சாணிக் குழி

மழைக்குப் பேர்போன ஒரு காட்டில், ஆற்றங்கரை ஓரமாகக் கரடி ஒன்று இட்லிக் கடை நடத்தி வந்தது. கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. விறகுதான் தீராத தலைவலி. ஐப்பசி பிறந்துவிட்டால் காய்ந்த சுள்ளி ஒன்றுகூடக் கிடைக்காது. ஈர விறகை ஊதி ஊதிக் கரடியின் கண்கள் சிவந்து கிடக்கும். அடுப்பு எரியாத நாளில் கடை கிடையாது. கடை இல்லாத நாளில் கரடியின் குட்டிகளுக்குச் சாப்பாடும் கிடையாது.

இதைப் பார்த்துக்கொண்டே இருந்த நரிக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்ல யோசனைதான், குழந்தைகளே. நரி என்பதற்காக அதை ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நியாயமில்லை.

சாணியைத் தண்ணீரில் கரைத்து, காற்றுப் புகாமல் மூடிய குழிக்குள் விட்டால், சில நாளில் எரிவாயு கிளம்பும். அது அடுப்பில் புகையே இல்லாமல் நீலமாக எரியும். நரி பெரிய குழியாக ஒன்று வெட்டியது. களிமண் பூசி மூடி போட்டு, கரடியின் கடைவரை மூங்கில் குழாய் பதித்தது. பிறகு ஆற்றங்கரைப் புல்வெளிக்குப் போயிற்று. அங்கே எருமை தன் கூட்டத்தோடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"என்ன எருமையக்கா, படுக்கிற இடமெல்லாம் இப்படிச் சாணியாக் கிடக்கே?"

"எருமைன்னா சாணி போடாம இருக்குமா?"

"நான் தினமும் வந்து அள்ளிட்டுப் போறேன். இடம் சுத்தமாயிடும். கூலியா ஒரு குடம் பால் கொடுத்தாப் போதும்."

சாணி அள்ளிப்போவதற்குக் கூலி கேட்ட துணிச்சலைப் பாருங்கள். இடம் சுத்தமானால் சரி என்று எருமையும் சம்மதித்தது.

சில நாளில் கடையில் நீல அடுப்பு எரிந்தது. கரடிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தினமும் ஓர் அண்டா இட்லி நரிக்கு என்று பேச்சாயிற்று.

"நரியண்ணே, ஒண்ணு கேக்கறேன். மழைக் காலத்திலயும் இது எரியுமா? எரியும்னு நீ சொன்னா விறகுக் கொட்டகையைப் பிரிச்சுட்டு அந்த இடத்தில பெஞ்சு போடுவேன். அப்புறம் எனக்கு வேற வழி கிடையாது."

"அடைமழையிலயும் எரியும். தாராளமாப் பிரிச்சுக்கோ."

கரடி அன்றைக்கே கொட்டகையைப் பிரித்துவிட்டது.

குழியின் மறுபக்கத்தில், வாயு போக மிஞ்சிய கரைசல் வழிந்து நின்றது. அந்த வழியாக வந்த காட்டுப்பன்றி அதை மோந்து பார்த்தது.

"இது என் கிழங்குத் தோட்டத்துக்கு நல்ல உரமாச்சே. முழுசையும் எனக்கே கொடு. வாரம் ஒரு மூட்டை சர்க்கரைவள்ளி தர்றேன்."

நரிக்குத் தலைகால் புரியவில்லை. சாணியை அள்ளினால் பால், எரித்தால் இட்லி, மிஞ்சினால் கிழங்கு. இப்படி ஒரு தொழில் உண்டா என்று தன் வாலைத் தானே தடவிக்கொண்டது.

ஆனால் புல்வெளி மாறத் தொடங்கியது. அத்தனை காலமும் சாணி விழுந்து மட்கிய மண்ணில்தான் அங்கே புல் தழைத்திருந்தது. இப்போது விழுந்ததெல்லாம் குழிக்குப் போயிற்று. புல் மஞ்சளாகி மெலிந்தது. இடையிடையே வெறும் மண் தெரிந்தது. அரை வயிறு மேய்ந்த எருமைகள் அரைக் கூடைச் சாணிதான் போட்டன. குழாயில் வாயுவும் குறைந்தது.

"நரி, அந்தக் கரைசல்ல பாதியை எங்க புல்லுக்கு ஊத்திடேன்" என்றது எருமை.

"அதைப் பன்றிக்குக் கொடுக்கிறதாப் பேசிட்டேனே, அக்கா."

"எங்க சாணிதானே அது?"

"சாணியைப் பத்தித்தான் நாம பேசினோம். கரைசலைப் பத்திப் பேசலையே."

மறுநாள் நரி கூடையோடு போனபோது புல்வெளி காலியாக இருந்தது. கூட்டம் முழுவதும் ஆற்றை நீந்தி அக்கரைக்குப் போய்விட்டது. அங்கே புல் முழங்கால் உயரம் நின்றது.

நரி அசரவில்லை. "காட்டில் சாணிக்கா பஞ்சம்? மலைக்கு அந்தப் பக்கம் யானைகள் இருக்கின்றனவே" என்று கழுதையைத் தேடிப் போயிற்று.

"சுமக்கிறதுக்கு நான் தயார்" என்றது கழுதை. "ஆனா மலை ஏறி இறங்கினாப் பசிக்கும். போகும்போதும் வரும்போதும் சூடாக் கஞ்சி வேணும்."

கஞ்சி காய்ச்ச வாயு வேண்டும். கழுதை கொண்டு வந்த சாணியில் கிளம்பிய வாயு, கழுதைக்குக் கஞ்சி காய்ச்சவே சரியாகப் போயிற்று. நரி இன்னொரு கழுதையைச் சேர்த்தது. அதுவும் கஞ்சி கேட்டது. குழி முழுக்கச் சாணி கிடந்தது, கடைக்குத்தான் வாயு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கரடி இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றியது. சுடர் இரண்டு முறை துடித்து அணைந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் மாவைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். பசியில் குட்டிகள் அழுதன. கரடி வந்த கோபத்தில் குழிக்கே ஓடியது.

"அடைமழையிலயும் எரியும்னு சொன்னியே!"

"கழுதைங்க கஞ்சி குடிச்சு முடிக்கட்டும். மிச்சம் இருந்தா வரும்."

"கழுதைக்குக் கஞ்சி காய்ச்சவா என் கொட்டகையைப் பிரிச்சேன்?"

ஆறு இன்னும் நிரம்பவில்லை. கரடி சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குட்டிகளை முதுகில் ஏற்றி அக்கரைக்கு நீந்தியது.

"எருமையக்கா, இங்கே சின்னதா ஒரு குழி வெட்டிக்கட்டுமா? சாணிக்கு என்ன வேணும்னு நீயே சொல்லு. இட்லி தரட்டுமா?"

"எங்களுக்கு இட்லி எதுக்கு? வாயு உனக்கு, கரைசல் எங்க புல்லுக்கு. அதை முதல்லயே பேசிடுவோம்."

கரடி ஒப்புக்கொண்டது. குழியில் வாயு கிளம்பும்வரை குட்டிகள் எருமைப் பால் குடித்து வளர்ந்தன. பிறகு அடுப்பு எரிந்தது. மழை கொட்டியும் எரிந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் தெப்பம் கட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டார்கள். கரைசல் பாய்ந்த இடத்தில் புல் கருகருவென்று எழுந்தது.

இக்கரையில் இட்லி நின்றதும் நரிக்கு வயிறு காய்ந்தது. கஞ்சி குறைந்ததும் கழுதைகள் போய்விட்டன. கரைசல் வராததால் பன்றி கிழங்கை நிறுத்தியது. கடைசியில் நனைந்த வாலை இழுத்துக்கொண்டு நரி அக்கரைக்கு வந்து நின்றது.

"அக்கா, ஏதாவது வேலை கொடு."

எருமை வாயில் இருந்த புல்லை மென்று முடித்தது.

"தினமும் இடத்தைச் சுத்தம் பண்ணு. சாணியைக் கரடியோட குழியில போடு. கரைசலைச் சுமந்து வந்து புல்லுக்கு ஊத்து. கூலியா ஒரு குடம் பால்."

"ஒரு குடம்தானா?"

"நீயே கேட்ட கூலிதானே, நரி."

நரி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியது.

நீதி: அடுத்தவருக்குக் கழிவுதானே என்று அள்ளி வந்தாலும், அது விளைந்த இடத்துக்கு அதன் பங்கைத் திருப்பிக் கொடுத்தால்தான் தொழில் நிலைக்கும்.