மிளகூர் ராஜாவும் மூன்றடுக்குக் காப்பியும்

மிளகூரை ஆண்ட கனகசேகர மகாராஜாவுக்குக் கம்ப்யூட்டர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. வந்தது, அவ்வளவுதான். கோட்டைக் கதவு, முரசு, தோட்டத்து நீரூற்று, அரசாணை அச்சடிக்கும் பிரிண்டர் எல்லாம் அது சொன்னபடிதான் ஆடின. ஒவ்வொரு கருவியோடும் பேசுவதற்கு ஒரு நிரல் உண்டு, அதற்கு டிரைவர் என்று பெயர். அத்தனை டிரைவர்களையும் எழுதியவர் ஆஸ்தான யந்திர பண்டிதர் சோமாசியார்.

எழுதினார் என்பதைவிடக் கிண்டினார் என்பதே சரி. அசல் கூட்டாஞ்சோறு. பிரிண்டரின் டிரைவருக்குள் நீரூற்றைப் பற்றி நாலு வரி கிடக்கும். முரசின் டிரைவர் போகிற போக்கில் கதவுக் கம்பியையும் ஒரு சுண்டு சுண்டும். யார் கம்பியை யார் தொடுகிறார்கள் என்று பண்டிதருக்கே வெளிச்சமில்லை.

பழைய பிரிண்டர் மண்டையைப் போட்டது. புதிதாக ஒன்றைச் சொருகினார்கள். மகாராஜா ஓர் அரசாணையை அச்சடிக்கச் சொன்னார். நீரூற்று பீறிட்டுக் கிளம்பி, சாளரம் வழியாக நுழைந்து, சபை முழுக்கப் பார்த்திருக்க அவருடைய மீசையில் போய் முடிந்தது. மறுபடி முயன்றார்கள். கோட்டைக் கதவு திறந்துகொண்டு, தெருவில் போன ஒரு கல்யாண ஊர்வலம் மேளதாளத்தோடு கொலுமண்டபத்துக்குள் வந்துவிட்டது. மாப்பிள்ளை சிம்மாசனத்தைப் பார்த்து, தனக்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டான்.

அந்தச் சபையில் வாகீசன் என்று ஒருவன் இருந்தான். யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவான். அவன் எதிரில் தும்முவதற்கே மந்திரிகள் யோசிப்பார்கள். கம்ப்யூட்டரிலும் கை தேர்ந்தவன். மகாராஜா அவனைக் கூப்பிட்டு, மீசை நனையாமல் ஒரு வழி செய் என்றார்.

வாகீசன் கூட்டாஞ்சோற்றைப் பிரித்து மூன்று அடுக்காக வைத்தான். மேலடுக்கு, என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லும். நடு அடுக்கு, இது அச்சுக் காரியமா, சத்தக் காரியமா, கதவுக் காரியமா என்று இனம் பார்த்து அனுப்பும். அடியில்தான் டிரைவர்கள். அவரவர் கருவி, அவரவர் கம்பி. பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கக் கூடாது. பிரிண்டர் அச்சடித்தது. மீசை காய்ந்தே இருந்தது.

பண்டிதருக்கு வயிறு எரிந்தது. சபையில் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

“மகாராஜாவின் வாக்கு கம்பியைத் தொடுவதற்கு நடுவில் இரண்டு வாசலா? தரகரைப் பிடித்து மாடு வாங்குகிறவனுக்கும் சக்கரவர்த்திக்கும் என்ன வித்தியாசம்?”

சக்கரவர்த்தி என்ற சொல் வேலை செய்தது. என் வாக்கு நேரே போகட்டும் என்று மகாராஜா முழங்கினார். மறுநாள் மாலைக்குள் அடுக்குகளை இடிக்க வேண்டும், வாகீசன் யானைக் கொட்டிலுக்குச் சாணி அள்ளப் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று. வாகீசன் யானையை நினைத்துப் பார்த்தான். சாணிகூடப் பரவாயில்லை, எந்தக் குரலில் பேசினாலும் யானை சிரிக்காதே.

கும்பிட்டபடி ஒன்றே ஒன்று கேட்டான். பண்டிதர் சொன்ன நீதி கம்பிக்கு மட்டும் ஏன், அரண்மனைக்கும் ஆகட்டும். நாளை ஒரு நாள் மகாராஜாவின் வாக்கு நடுவில் ஆளில்லாமல் நேரே வேலைக்காரனிடம் போகட்டும். பண்டிதர் பேஷ் என்றார். மகாராஜாவும் தலையசைத்தார்.

விடிந்தது. மகாராஜா கண்ணைக் கசக்கிக்கொண்டு, “காப்பி” என்றார்.

கட்டில் ஓரத்தில் மாட்டுக்காரன் வந்து நின்றான். “எந்த மாட்டுல கறக்கட்டும் சாமி? செவலை உதைப்பா. காரிக்குக் கன்னுக்குட்டிய முதல்ல காட்டணும். காட்டட்டா, வேணாமா?”

அதற்குப் பதில் சொல்வதற்குள் விறகுக்காரன் புளியங்கட்டையா கருவேலங்கட்டையா என்று கேட்டான். உரல்காரி, கொட்டையை மாவாக இடிப்பதா, ரவையாக இடிப்பதா என்று உலக்கையோடு நின்றாள். பாத்திரம் தேய்க்கிறவளுக்குச் சாம்பலா புளியா என்று தெரிய வேண்டியிருந்தது. தண்ணீர்க்காரன், எந்தக் கிணறு என்றான். மகாராஜா செவலை என்றதை விறகுக்காரன் தனக்கு என்று எடுத்துக்கொண்டு செவலை மரத்தைத் தேடி ஓடினான். சாம்பல் என்றது உரலுக்குள் போய்விட்டது. வந்த முதல் டம்ளரை முகர்ந்து பார்த்த மகாராஜா அதைச் சாளரத்துக்கு வெளியே ஊற்றினார்.

மிளகூரில் ஒரு வழக்கம், ராஜா காப்பி குடிக்காமல் எவரும் குடிக்கக் கூடாது. உச்சிப்பொழுதாயிற்று. சபையே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எல்லோரையும்விட மோசமாகப் பண்டிதருக்குத்தான் மண்டை தெறித்தது. நாளுக்கு ஆறு டம்ளர் குடிக்கிற மனிதர். தண்ணீர்க்காரன் மறுபடி வந்து கயிறா வாளியா என்று ஆரம்பித்தபோது அவருக்குத் தாங்கவில்லை. அரண்மனைச் சமையலை மேற்பார்த்து, அன்று மட்டும் சும்மா நின்ற மடைப்பள்ளி மணியக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

“யோவ், ராஜாவுக்குக் காப்பி வேணும். எந்த மாடு, எந்தக் கட்டை, எந்தக் கிணறு, அதெல்லாம் உம்ம பாடு. எங்களை வந்து கேக்காதீர்.”

உடனே, அதே கரகரப்போடு, அதே மூக்குக் குரலோடு, வாகீசன் அதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னான். பிறகு தன் குரலுக்கு வந்தான்.

“மகாராஜா, நான் எழுதியதும் இதைத்தான். பண்டிதரே மூன்று அடுக்குக் கட்டிவிட்டார். நீங்கள் மேலடுக்கு, மணியக்காரர் நடு அடுக்கு, மாட்டுக்காரன் கீழடுக்கு. கொஞ்சம் சத்தமாகக் கட்டினார், அதுதான் வித்தியாசம்.”

பண்டிதர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். தாமதமாகப் பொத்தினார். அடுக்குகள் நிற்கட்டும், வாகீசன் சபையிலேயே இருக்கட்டும், கொட்டிலுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது என்றார் மகாராஜா. சொல்லி முடிப்பதற்குள் ஆவி பறக்கக் காப்பி வந்தது. மகாராஜா ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வாகீசனுக்குப் போட்டார்.

“பிறந்ததிலிருந்து இப்படி ஒரு காப்பி குடித்ததில்லை. எந்த மாடு என்று கேட்டுச் சொல்.”

வாகீசன் மடைப்பள்ளிக்குப் போய்த் திரும்பி வந்தான்.

“மாடே இல்லை, மகாராஜா. செவலை உதைத்ததில் இருந்த பாலெல்லாம் கொட்டிவிட்டதாம். கீழே மாட்டுக்குப் பதில் ஆட்டை மாற்றிவிட்டார்கள். மேலே உங்களுக்குத் தெரியவே இல்லை.”

மகாராஜா டம்ளரைப் பார்த்தார். வாகீசனைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கொண்டுவரச் சொன்னார்.

எந்த ஆடு என்று கேட்கவில்லை.