அரை ஷிப்ட் சாட்சி

எதிரெதிராக நின்ற இரண்டு பக்கத்துக்கும் ஒரே வாயால் வாக்குக் கொடுத்தவள் ஒருத்தி. இரண்டையும் காப்பாற்றினாளா, இரண்டையும் கெடுத்தாளா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் யோசித்துப் பாருங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. காலை எட்டரைக்குத் தொடங்கும் ஷிப்ட் மாலை ஐந்தரைக்கு முடியும். முடிந்தால் என்ன, யாரும் வீட்டுக்குப் போவதில்லை. வாசலில் இருக்கும் ரேகை மெஷினில் கட்டைவிரலை வைத்துவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு, திரும்ப உள்ளே வந்து இரவு ஒன்பது வரை தைப்பார்கள். அதற்கு அரை ஷிப்ட் என்று பெயர். அரை நாள் கூலி கிடைக்கும். மெஷினைக் கேட்டால் அத்தனை பேரும் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டதாகச் சொல்லும். டீ குடிக்கப் போகிறவர்கள் எதற்காக ரேகை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அந்தத் தையல் லைனில் ஒருவரும் கேட்டதில்லை. முதல் நாள் முன்னால் போனவர் வைத்தார், பின்னால் வந்தவரும் வைத்தார். அப்படியே பழகிவிட்டது.

ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, வாரத்தில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால், கூடுதலாகச் செய்த நேரத்துக்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அரை ஷிப்டுக்கு அரைக் கூலி என்பது அவர்களுக்குக் கணக்காகத்தான் பட்டது. குறைவதாகப் படவில்லை.

பவளக்கொடிக்கு அது பட்டபோது வேலை போயிருந்தது. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தே கண் மங்கிப்போனவள். ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து ஆளைக் கூப்பிட ஆரம்பித்ததும், “வேற எங்கயாச்சும் பாத்துக்கம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வேறு எங்கே பார்ப்பது? அரை ஷிப்டுகளுக்கு வராத மிச்சக் கூலியைக் கேட்டுத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். வந்தால் ஒரு கிரைண்டர் வாங்கி, மாவு அரைத்து விற்றுப் பிழைத்துக்கொள்வாள். வராவிட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

கம்பெனி ரேகைக் கணக்கை நீட்டியது. தினமும் ஐந்தரைக்கு வெளியே போனவளுக்கு என்ன ஓவர்டைம் என்று கேட்டது. சாட்சி கொண்டுவரச் சொன்னார் அதிகாரி. பவளக்கொடி, பக்கத்து மெஷினில் தைத்த ரஹ்மத் நிஷாவைத் தேடிப் போனாள்.

“நீ ஒருத்தி வந்தாப் போதும்டி. நூல் கோத்துக் குடுத்தவளே நீதானே.”

“உங்களக் கைவிட மாட்டேன்க்கா” என்று ரஹ்மத் அவள் கையில் அடித்துச் சொன்னாள்.

மறுநாள் டீ நேரத்தில் சூப்பர்வைசர் கிட்டுச்சாமி லைனைக் கூட்டினார்.

“இங்க பாரும்மா ரஹ்மத்து. ரெட்டைக் கூலின்னு தீர்ப்பு வந்துச்சுன்னா, அன்னையோட அரை ஷிப்ட் கெடையாது. அஞ்சரைக்கு லைட்ட அணைச்சுப் போடுவோம்னு மொதலாளி சொல்லீட்டாரு. அப்பறம் எதுக்குங்க ரெட்டை?”

“ஒண்ணுமில்லாததுக்கு ரெட்டை” என்றான் ஒரு டெய்லர். யாரும் சிரிக்கவில்லை. முழு ஷிப்ட் கூலி அரிசிக்கும் பருப்புக்கும் போய்விடும். வாடகையும் பள்ளிக்கூட வேன் காசும் அரை ஷிப்டில்தான் வந்துகொண்டிருந்தன. நாற்பது பேரும் ரஹ்மத்தையே பார்த்தார்கள்.

“அஞ்சரைக்கு மேல பவளக்கா இங்க இல்லைன்னுதான் சொல்லுவேன், போதுமா?” என்றாள்.

விசாரணை நாள் வந்தது. கிட்டுச்சாமி ஒரு பக்கம், பவளக்கொடி ஒரு பக்கம். கண் சரியாகத் தெரியாததால் அவள் ரஹ்மத் குரல் வரும் திசைக்கு முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள்.

“ஐந்தரைக்குப் பிறகு இவர் வேலை செய்தாரா?” என்று கேட்டார் அதிகாரியம்மா.

“இல்லீங்க மேடம். ஒரு நாள்கூட இல்ல. ஏழு மணி, எட்டு மணிக்கெல்லாம் எம்பக்கத்துல அவங்க நாற்காலி காலியாத்தான் கெடக்கும். தெச்ச பீஸையெல்லாம் அதுமேலதான் நான் அடுக்கி வெப்பேன்.”

கிட்டுச்சாமி திருப்தியாகத் தலையாட்டினார்.

“அடிப்பாவி” என்றாள் பவளக்கொடி. சத்தமாகக்கூட இல்லை.

எழுதிக்கொண்டே வந்த அதிகாரியம்மாவின் பேனா நின்றது. நிமிர்ந்து ரஹ்மத்தைப் பார்த்தார். ரஹ்மத் தரையைப் பார்த்தாள்.

இனி நீங்கள் சொல்லுங்கள். பேனா ஏன் நின்றது? தீர்ப்பு யார் பக்கம் போயிருக்கும்? கேட்ட பவளக்கொடி, மிரட்டிய கிட்டுச்சாமி, இல்லை என்று சொன்ன ரஹ்மத், இதில் யார் செய்தது சரி?

விடை: ஏழு மணிக்கு நாற்காலி காலியாக இருந்ததைப் பார்க்க வேண்டுமானால், ரஹ்மத் ஏழு மணிக்கு அங்கே தைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ரேகை மெஷினோ அவளும் ஐந்தரைக்குப் போய்விட்டதாகச் சொல்கிறது. மெஷின் பொய் என்று தெரிந்த பிறகு கம்பெனியிடம் காட்ட வேறெதுவும் இல்லை. அதிகாரியம்மா ஒரு நாள் சொல்லாமல் ஏழு மணிக்கு வந்து நின்றார். ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை. அத்தனை பேரும் தைக்கிற இடத்தில் பவளக்கொடி மட்டும் தினமும் ஐந்தரைக்கே போயிருப்பாள் என்பதை அவர் நம்பவில்லை. பவளக்கொடிக்குப் பணம் வந்தது, கிரைண்டர் ஓடுகிறது. கம்பெனியில் ஐந்தரைக்கு லைட் அணைகிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி கொடு என்று சொல்கிற சட்டம், கூடுதல் நேரத்தைக் கொடு என்று சொல்வதில்லை. ஒரு ஷிப்ட் கூலி மட்டும் கட்டுப்படியாகாமல் லைன் கலைந்துபோனது. அதில் தைத்தவர்களும் ரஹ்மத்தோடு பேசுவதில்லை, “இல்லீங்க மேடம்” மட்டுமே காதில் நிற்கும் பவளக்கொடியும் பேசுவதில்லை. நான் இரவுக் காவல் பார்க்கும் கம்பெனிக்குத்தான் இப்போது அவள் தைக்க வருகிறாள். தெரிந்தே சொன்னாளா, வாய் தவறியதா என்று ஒரு நாள் கேட்டேன். “டீ ஆறிடும்ணா” என்று சொல்லிக்கொண்டே வாசல் மெஷினில் கட்டைவிரலை வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள். டீ குடித்துவிட்டு உள்ளே வந்தாள்.